ஐப்பசி ஈரமும் கலப்பில்லாத பயோடீசலும்

பழைய டாடா 207 பிக்அப் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தாங்கும் என்பது டெல்டாவில் நெல் ஏற்றுகிற எல்லோருக்கும் தெரியும். நேராக எண்ணெய்க்கு வருகிறேன். கோடை தொடங்கி குறுவை அறுவடை முடிய இந்த வண்டியை ஒரு சொட்டு டீசல் கலக்காமல் பயோடீசலிலேயே ஓட்டினேன். ஓட்டல்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து வினைப்படுத்தி, கிளிசரினைப் பிரித்து எடுத்தது அது.

வைகாசி, ஆனியில் என்னை மயக்கியேவிட்டது. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். தடதடப்பு தணிந்துவிட்டது. மூட்டையோடு வெண்ணாற்றுப் பாலம் ஏறும்போது கண்ணாடியில் தெரியும் கரும்புகையைக் காணோம். டீசலைவிட இதில் ஆற்றல் ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அது எனக்குப் பொருட்டில்லை. குளிரில் உறையும் என்று பயமுறுத்துவார்கள். பாமாயிலில் இருந்து வந்தது 15 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கலங்கத் தொடங்கும். தஞ்சாவூர் மார்கழிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை.

இங்கே எதிரி ஈரம்.

ஐப்பசி அடைமழையில், ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் லோடோடு வண்டி இழுவை இழந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு திணறல், பிறகு கொஞ்சம் வேகம், மறுபடியும் திணறல். மெக்கானிக் ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். மேலே தேன்நிற எண்ணெய், அடியில் கலங்கல் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே பழுப்பாக ஒரு சவ்வு. விரலில் எடுத்துத் தேய்த்தால் பாசிபோல வழுக்கியது. நுண்ணுயிர்கள் கட்டிய சவ்வு அது.

பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று புகும். இரவில் தகடு குளிர, உள்சுவரில் நீர் துளிர்க்கும். டீசலாக இருந்தால் பெரும்பாலும் தனியே அடியில் இறங்கிவிடும்; பயோடீசல் டீசலைப்போலப் பல மடங்கு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், சூடு தணியும்போது மிஞ்சியதைக் கீழே விடும். இந்தியத் தரநிர்ணயமே இதை ஒப்புக்கொள்கிறது: பி.எஸ்.6 டீசலில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் நீர்தான் எல்லை, பயோடீசலுக்கு 500.

என் கோபமெல்லாம் பயோடீசலைத் தார்ப்பாயின் கீழே மூடி திறந்த டிரம்மில் வைத்து அளந்து விற்கிறவர்கள்மேல்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்றால் விவசாயியின் நெல்லை நிறுத்திவைக்கிறார்கள். அதே ஊரில் எண்ணெயின் ஈரத்துக்குச் சோதனைச் சீட்டு கேட்டால், "டீசல் மாதிரிதான் சார்" என்கிறார்கள். கொடுமை.

டீசலில் ஓடிய வண்டியைப் பயோடீசலுக்கு மாற்றினால் முதல் ஃபில்டர் சீக்கிரமே அடைபடும். டேங்கில் வருஷக்கணக்காகப் படிந்த கசடைப் பயோடீசல் கரைத்துக்கொண்டு வருவதுதான் காரணம், அதோடு சரியாகிவிடும். பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறி உப்பும், முதலிலேயே வைட்டன் ஹோஸ்களுக்கு மாற்றிவிடுங்கள். பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். புகை வடிகட்டியைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் எரிபொருள் இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும்.

நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயு எடுப்பதை எதிர்த்து மண்ணைக் காக்கப் போராடி, 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் பெற்ற பூமி இது. இந்த ஊர்க் கடாயில் மிஞ்சியது இந்த ஊர் நெல்லைச் சுமக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனால் விடுவதாக இல்லை. இரவில் டேங்கை நிரப்பியே நிறுத்துகிறேன், காலையில் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்கிறேன். மழை முடியும்வரை டீசலில் 20 சதவீதம் மட்டும் கலக்கிறேன். தை அறுவடைக்கு மறுபடியும் முழுப் பயோடீசல்தான், சோதனைச் சீட்டு தருகிறவரிடம் மட்டும்.