துண்டாடப்பட்ட தோட்டமும் துயர இலக்கியமும்

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் ரப்பர்த் தோட்டம் பெற்றுள்ள இடம் பெரிது. ஆயினும், அத்தோட்டத்தை விற்றவன் ஏன் விற்றான், வாங்கியவன் ஏன் வாங்கினான் என்னும் வினா நம் கதைகளில் அரிதாகவே எழுகின்றது. கா. பெருமாளின் தோட்ட நாவல் ‘துயரப் பாதை’ எனப் பெயர் பெற்றது பொருத்தமே. துயரமே நம் தோட்ட இலக்கியத்தின் நிலைத்த சுவை. அச்சுவை பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16-இல், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன.

அச்சம் முதலுக்கும் உண்டு. ஒருபுறம் உயிரச்சம், மறுபுறம் 1957-இல் மலர்ந்த விடுதலைக்குப்பின் என்னாகுமோ என்னும் ஐயம். கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த ரப்பர் விலையோ வாங்குவோர் கையில் பணத்தைச் சேர்த்திருந்தது. ஆகவே ஐரோப்பியர் பலர் விற்றனர். வாங்கியோர் தோட்டங்களைக் கூறுபோட்டு விற்று இலாபம் கண்டனர். பால்மரம் சீவியவனோ வேலையோடு வீட்டையும் இழந்தான்; ஏனெனில் லயத்து வீடு தோட்டத்தின் உடைமை.

இவ்விடத்தில் நம் கதைகள் அழுது முடிகின்றன, வரலாறோ முடியவில்லை. சுங்கை சிப்புட்டிலேயே பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரராயினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. எல்லாத் தோட்டங்களும் காப்பாற்றப்படவில்லை என்பது மெய்யே. ஆயினும், பெரும்முதல் அஞ்சி வெளியேறிய மண்ணில், போக்கிடமற்ற உழைப்பு நம்பி முதலிட்டது.

அந்தப் பத்து வெள்ளியைக் கொடுப்பதா, அரிசிக்கு வைப்பதா எனக் கணவனும் மனைவியும் விளக்கொளியில் எண்ணிய இரவு ஒரு நாவலுக்குரிய களம். அதை எழுதாத இலக்கியம், தொழிலாளியை இரங்கத்தக்கவனாக மட்டுமே காட்டுகின்றது. முடிவெடுக்க வல்லவனாகக் காட்டத் தவறுகின்றது. தோட்டக் கதைகளைப் பயிற்றும் ஆசிரியரும் பயிலும் மாணவரும், கண்ணீரோடு அந்தக் கணக்கையும் தேடிப் படித்தல் வேண்டும்.