கியான் குவான்: புகழுரைகள் விட்டுவிட்ட 14 ஆண்டுகள்

கடல் கடந்துபோன சீன வணிகர்களைப் போற்றுவது நம் தன்முன்னேற்ற மேடைகளிலும் வணிகப் பத்திரிகைகளிலும் இப்போது வழக்கமாகிவிட்டது. வெறுங்கையோடு கப்பலேறினார்கள், சொன்ன சொல் தவறவில்லை, உறவும் ஊரும் கைகொடுத்தன, இரண்டாம் தலைமுறைக்குள் கோடீஸ்வரர்கள். இதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஜாவாவின் செமாராங் நகரில் வந்து நிற்கிறார்கள். ஃபுஜியானிலிருந்து வந்த ஊய் ஜீ சியென் அங்கே 1863-இல் தொடங்கிய ஏற்றுமதி இறக்குமதி நிறுவனம் கியான் குவான். அவர் மகன் ஊய் தியோங் ஹாம் அதைத் தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பெரிய வணிகக் குழுமங்களில் ஒன்றாக்கினார்.

புகழ ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். சீனச் சரக்கை இறக்கி ஜாவாச் சரக்கை ஏற்றிய ஒரு கடையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது சாதாரணத் திறமை அல்ல. இன்னொன்றும் உண்டு. மகன் வாய்ச்சொல்லை நம்பி வியாபாரம் செய்தவரல்ல. கடன் என்றால் பத்திரம், வழக்கென்றால் டச்சு வக்கீல். சர்க்கரை ஆலைகளுக்கு டச்சுப் பொறியாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். வாய்ச்சொல்லின் மகிமை பாடுகிறவர்கள் இதைக்கூடக் கவனிப்பதில்லை.

என் நெடுநாள் ஆட்சேபம் வேறு. முதல் எங்கிருந்து வந்தது?

அபின் விற்கும் உரிமையை டச்சு அரசு வட்டாரவாரியாக ஏலம் விட்டது. பழைய குத்தகைதாரர்கள் நொடித்துப்போன சமயத்தில், 1890 முதல், செமாராங், சோலோ, யோக்யகர்த்தா, சுரபாயா வட்டாரங்களின் குத்தகை ஊய் தியோங் ஹாம் கைக்கு வந்தது. அரசே அபின் தொழிலை முழுதாக எடுத்துக்கொண்ட 1904 வரை அவர் ஈட்டிய லாபம் சுமார் 1.8 கோடி கில்டர் என்பது ஆய்வாளர்கள் வழக்கமாகத் தரும் கணக்கு.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். குத்தகைதாரர் அரசிடம் பச்சை அபினை வாங்கி, காய்ச்சி, புகைப்பதற்கான சண்டுவாக்கி விற்பார். சண்டு வாங்க வசதியில்லாத கூலிக்காரனுக்கு ‘டிக்கே’ இருந்தது: அவார் அவார் என்ற செடியின் இலையை நறுக்கி அபினோடு பிசைந்த மலிவுச் சரக்கு. கூலி வாங்கிய கையோடு சில காசுக்கு ஒரு சிட்டிகை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஜாவானிய உழவர்களும் கூலிகளும்.

கணக்கேட்டில் ஏறாத லாபமும் இருந்தது. சீனர்கள் தனிக் குடியிருப்பில்தான் வசிக்க வேண்டும், உள்நாட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அன்றைய டச்சுச் சட்டம், அநியாயச் சட்டம்தான். ஆனால் அபின் குத்தகைதாரரின் ஆட்களுக்கு அந்தக் கெடுபிடி தளர்ந்தது. அபின் கடை நுழைந்த கிராமத்துக்குள் அதன் பின்னாலேயே கடனும் விளைபொருள் கொள்முதலும் நுழைந்தன. ‘வலைப்பின்னல்’ என்று மேடையில் வியக்கிறார்களே, அது ஓடிய தடம் இது.

“அந்தக் காலத்தில் அது சட்டப்படியான தொழில்தானே” என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். பாதி உண்மை. உரிமம் பெற்ற சரக்கோடு கள்ள அபினையும் கலந்து விற்பதும், போட்டிக்கு வந்த கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சொந்த ஒற்றர்களை வைத்துக்கொள்வதும் ஜாவாக் குத்தகைதாரர்களிடம் ஊரறிந்த வழக்கம். ஏலம் விட்டுக் கொழுத்த டச்சு அரசே முதல் குற்றவாளி. அதற்காக இரண்டாம் குற்றவாளிக்கு மாலை போட வேண்டுமா?

1884-இல் சர்க்கரை விலை சரிந்தபின் கடனில் தத்தளித்த ஆலைகள் ஒவ்வொன்றாக ஊய் தியோங் ஹாமிடம் வந்து ஐந்தாயின. ஊரில் யாரிடமும் பணமில்லாத வேளையில் இவரிடம் பணம் புரண்டதைத் ‘தொலைநோக்கு’ என்று எழுதுகிறார்கள். டிக்கே வாங்கிய கூலிக்காரன் கொடுத்த காசுக்கு இப்படியும் ஒரு பெயர். அவர்கள் கொண்டாடும் நாணயம் வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே மட்டும் புழங்கியது. அபின் கடை வாசலில் நின்றவனுக்கு அதில் பங்கில்லை.

நமக்கும் இதில் ஒட்டு உண்டு. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சீன வணிகர்களுக்கு, அபின் வியாபாரிகளுக்கும் சேர்த்து, வட்டிக்குப் பணம் கொடுத்தவர்களில் செட்டியார்கள் முக்கியமானவர்கள். நம் எழுத்தாளர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவது அதனால்தானோ என்னவோ.

1961-இல் இந்தோனேசிய அரசு நிறுவனத்தின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததற்குப் பக்கம் பக்கமாக வருந்துகிறவர்கள், அபினை ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார்கள். கியான் குவானைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் 1890 முதல் 1904 வரையிலான கதையை முழுதாகச் சொல்லட்டும். மனமில்லையென்றால் வேறு உதாரணம் தேடிக்கொள்ளலாம். சிங்கப்பூரின் டான் கா கீ இருக்கிறார். அன்னாசியிலும் ரப்பரிலும் சம்பாதித்த பணத்தில் 1921-இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவியவர்.