தூய மின்சாரம்

சங்கீத விமர்சனம் எழுதியவர்களில் பலர் ஒரு காலத்தில் 'தேன் சொட்டும்', 'தெய்வீகமான' என்ற இரண்டு அடைமொழிகளை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார்கள். எந்தப் பாடகருக்கும் அவை பொருந்தும். ஆகவே எந்தப் பாடகரைப் பற்றியும் அவை எதையும் சொல்லவில்லை. அந்த அடைமொழிகளின் வாரிசுகளை இன்று ஹோம் தியேட்டருக்காக விற்கப்படும் மின்சாரப் பெட்டிகளின் விளம்பரங்களில் பார்க்கலாம். தூய மின்சாரம், உயிருள்ள ஒலி, இன்னும் ஆழமான கறுப்பு என்றெல்லாம் வர்ணனை போகிறது. ஒரு கதையைப் படிப்பது போலவே இந்த உரைநடையையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கதை மோசமாக இருந்தால் புத்தகத்தின் விலையோடு நஷ்டம் நின்றுவிடும். இங்கே ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானமே போய்விடக்கூடும்.

பெட்டி செய்யும் காரியங்கள் இரண்டு: வருகிற மின்சாரத்தைச் சீர்படுத்துவது ஒன்று, அது நின்றுபோனால் பாட்டரியிலிருந்து கொடுப்பது மற்றொன்று.

நம் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று. கோடைகால இரவில், தெருவில் எல்லார் வீட்டு ஏ.சி.யும் ஓடும்போது, கடைசி வீட்டில் அது 200க்கும் கீழே இறங்குவதுண்டு. போன மின்சாரம் திரும்பும்போது துள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. இறக்கத்தை உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் தூக்கிக் கொடுக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் தொங்கும் ஸ்டெபிலைசரின் வேலைதான் இது. புதிய மாயம் ஒன்றும் இல்லை. துள்ளி வரும் அடியைப் பெரும்பாலும் துத்தநாக ஆக்ஸைடால் செய்த ஒரு சிறு வில்லை தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பலத்த அடி ஒவ்வொன்றிலும் அது கொஞ்சம் தேய்கிறது. ஒருநாள் சத்தம் காட்டாமல் உயிரை விட்டுவிடவும் கூடும். பெட்டியின் விளக்கு மட்டும் அதற்குப் பிறகும் எரிந்துகொண்டிருக்கலாம்.

இந்த இரண்டு வேலைகளையும் ஏன் ஒரே பெட்டியில் சேர்க்க வேண்டும்? நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. மலிவான யு.பி.எஸ்.ஸுக்கு வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கத் தெரியாது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அது பாட்டரியிடம் ஓடுகிறது. மாலைக்குப் பத்துத் தடவை அப்படி ஓடினால் பாட்டரி சீக்கிரமே கிழடு தட்டிவிடும். இரண்டும் சேர்ந்த பெட்டியில் சாதாரண இறக்கத்தை டிரான்ஸ்பார்மரே சமாளித்துவிடுகிறது. மின்சாரம் உண்மையாகவே போனால்தான் பாட்டரிக்கு வேலை. மாறுவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி வினாடிக்குள். நம் மின்சாரத்தில் ஒரு சுற்றுக்கே 20 மில்லி வினாடி ஆகிறது. டி.வி.க்குள் இருக்கும் கப்பாசிடர்கள் அந்த இடைவெளியைப் பொதுவாகத் தாங்கிவிடும், படம் அறுபடாது. பெட்டியின் மெய்யான யோக்கியதை இது. விளம்பரத்தில் இதற்கு ஒரு மூலைதான் கிடைக்கிறது. நடுப்பக்கம் தூய்மைக்கு.

தூய்மை என்பதைக் கொஞ்சம் கவனிப்போம். ஆம்ப்ளிஃபயர் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. அதை நேர்மின்சாரமாக மாற்றி, வடிகட்டி, தேக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே இன்னொரு வடிகட்டி வைப்பதால் ஸ்வரம் இனிமையாகிவிடும் என்று நான் நம்பவில்லை. "பெட்டி வாங்கிய பிறகு இரைச்சல் நின்றதே!" என்று சிலர் சொல்வார்கள். நின்றிருக்கலாம். 1987ல் வந்த 'பேசும் படம்' வசனமே இல்லாத படம். அதைப் போட்டுப் பார்த்தால் வீட்டு ஸ்பீக்கரில் இருக்கும் ரீங்காரம் தெளிவாகவே காதில் விழும். அந்த ரீங்காரம் பல வீடுகளில் அழுக்கு மின்சாரத்தால் வருவதல்ல. டி.வி.க்கு ஒரு பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு மூலையில் வேறொரு பிளக் என்று வைத்து, இரண்டு எர்த்தையும் சிக்னல் கம்பி இணைக்கும்போது வருவது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் செருகியதும் எர்த் ஒன்றாகிறது, ரீங்காரம் போகிறது. பலன் உண்மை. சொன்ன காரணம்தான் பொய். ஒரு சாதாரணப் பலகையில் எல்லாவற்றையும் செருகியிருந்தாலும் இதே பலன் கிடைத்திருக்கும்.

பாட்டரி விஷயத்தில் நம்மவர்களுக்கு அனுபவம் ஜாஸ்தி. 2012ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. இன்வர்ட்டர் அம்மியைப் போல வீட்டுச் சாமானாகிவிட்டது. சதுர அலை தரும் மலிவான இன்வர்ட்டரில் மின்விசிறி உறுமியதைக் கேட்டவர்களுக்கு, சைன் அலை எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அதே உறுமலை டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்ப்ளிஃபயரும் உறுமும். ஆகவே பெட்டி வாங்குகிறவர் பாட்டரியில் ஓடும்போது அலை எப்படி இருக்கும் என்பதை முதலில் கேட்க வேண்டும். அடுத்து, பாட்டரியில் எதை மாட்டுவது? வெடிச் சத்தம் எழுப்பும் சப்-வூஃபரை மாட்டினால் நிமிஷங்கள் கரைந்துவிடும். விளக்கு வைத்த புரொஜக்டருக்கோ அந்த நிமிஷங்கள் அவசியம். விளக்கு அணைந்த பிறகும் அதன் விசிறி சற்று நேரம் சுழன்று சூட்டை வெளியேற்ற வேண்டும். திடீரென்று எல்லாம் நின்றால் விலையுயர்ந்த விளக்கின் ஆயுள் குறையும்.

ஆக, பாட்டரி தரும் பத்துப் பதினைந்து நிமிஷம் படத்தை முடிப்பதற்காக அல்ல, ஒழுங்காக நிறுத்துவதற்காக. விளம்பரமோ 'தடையற்ற அனுபவம்' என்கிறது. தடையற்ற அனுபவத்தில் ரஸிகருக்கு எவ்வளவு அக்கறை என்பதும் சந்தேகம்தான். மின்சாரம் ஒரு தடவை நிறுத்தினால் கோபிக்கிறவர், டெலிபோன் மணிக்காகத் தாமே ஐந்து தடவை படத்தை நிறுத்துகிறார். அதற்கு எந்தக் கடையிலும் பெட்டி இல்லை.

இடி மின்னல் அதிகமுள்ள ஊரிலும், வோல்டேஜ் ஆடும் தெருவிலும் இந்தச் சேர்க்கைப் பெட்டி வாங்கத் தகுந்ததே. ஆனால் உள்ளே இருக்கும் ஈய பாட்டரிக்கு மூன்றிலிருந்து ஐந்து வருஷம்தான் ஆயுள். நம் ஊர் வெயிலில் அதிலும் குறையும். பாட்டரியை மாற்றவேண்டிய வருஷத்தை முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் விளம்பரம் ஒன்று வருமானால், அதை நல்ல உரைநடை என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம் இராது.