கோ போட்டிக்கு எந்தக் கணினி?

கோ ஆட்டப் பலகையில் குறுக்கே 19 கோடுகள், நெடுக்கே 19 கோடுகள். நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே காய்கள் கட்டத்துக்குள் உட்காருவதில்லை. கோடுகள் சந்திக்கும் 361 புள்ளிகளில் உட்காருகின்றன. கணினி நிரல்கள் இந்தப் பலகையில் ஒன்றோடொன்று மோதும் போட்டிகள் 1980களிலிருந்தே நடக்கின்றன. அவற்றில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது: நிரல் எந்த இயங்குதளத்தில் ஓடினாலும் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வழக்கத்தை, தருமபுரியில் அரசு மடிக்கணினியில் படித்த ஒரு மாணவரின் பக்கம் நின்று எடைபோட்டால் அதன் நிறையும் குறையும் தெளிவாகத் தெரிகின்றன.

வழக்கத்துக்கு அடித்தளம் ஜிடிபி என்ற உரை நெறிமுறை. கோ ஆடும் நிரலான குனூ கோவின் திட்டத்தில் பிறந்தது. இரண்டாம் பதிப்பின் வரைவு 2002இல் வந்தது. 'ப்ளே பிளாக் டி4' என்று நடுவர் நிரல் ஒரு வரி அனுப்பும். அடுத்து 'ஜென்மூவ் ஒயிட்' என்று கேட்கும். நம் நிரல் சமக்குறி போட்டு 'க்யூ16' என்று பதில் சொல்லும். கட்டளையை நிறைவேற்ற முடியாவிட்டால் கேள்விக்குறி போடும். பேச்சு அவ்வளவுதான். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூடுதலாக ஒரு குறியைச் சேர்க்கும், லினக்ஸ் சேர்க்காது. அந்தக் குறி வந்தால் கண்டுகொள்ளாமல் நீக்கிவிட வேண்டும் என்று நெறிமுறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்ற அக்கறை இருந்தால்தான் இப்படி ஒரு விதி எழுதத் தோன்றும். 2005இல் தொடங்கிய கேஜிஎஸ் சர்வரின் மாதப் போட்டிகளும் இதே வழியில் நடந்தன. நிரலைச் சர்வரோடு இணைக்கும் துணை நிரல் ஜாவாவில் இருந்ததால் அதுவும் எல்லா இயங்குதளங்களிலும் ஓடியது.

பலன் 2008இல் நன்றாகத் தெரிந்தது. பெய்ஜிங் கணினி ஒலிம்பியாடில் பெரிய பலகைப் பிரிவில் டேவிட் ஃபோட்லாண்டின் 'மெனி ஃபேசஸ் ஆஃப் கோ' தங்கம் வென்றது. அது விண்டோஸ் மென்பொருள். பிரான்ஸ் ஆய்வாளர்களின் மோகோவும் அதே களத்தில் ஆடியது. இயங்குதளத்தைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுத்திருந்தால் இந்த மோதலே நடந்திருக்காது.

குறை இனிமேல்தான். அதே 2008 ஆகஸ்டில், ஆம்ஸ்டர்டாமிலிருந்த ஹைகன்ஸ் மீக்கணினியின் 800 கோர்களைப் பயன்படுத்தி, ஒன்பது காய் முன்சலுகையோடு தொழில்முறை வீரர் கிம் மியுங்வானை மோகோ வென்றது. இயங்குதளத்தைத் திறந்துவிட்ட விதிகள் வன்பொருளுக்கு எல்லை வைக்கவில்லை. 800 கோர்களுக்கு எதிரே இரண்டு கோர் மடிக்கணினி உட்கார்ந்தால் அங்கே அளக்கப்படுவது நிரலின் அறிவு மட்டுமல்ல. கணினி தொலைவில் இருந்தால் நடுவரால் அதைப் பார்க்கவும் முடியாது. போட்டியாளரின் சொல்லை நம்ப வேண்டியதுதான். என் பார்வையில் இது சிறு குறை அல்ல.

தருமபுரிக்கு வருவோம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ், சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட இயங்குதளம். டெபியன் என்ற லினக்ஸ் வழி வந்தது. டெபியன் களஞ்சியத்தில் குனூ கோ இருக்கிறது. ஆக, பென்னாகரத்திலோ அரூரிலோ அந்தக் கணினியைத் திறந்த பிள்ளைக்குக் கோ போட்டிக்கான கருவி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அது பயன்படாமல் போனதற்குக் காரணம் பாடத்தில் இருக்கிறது. பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகம் விண்டோஸையும் உபுண்டுவையும் அடுத்தடுத்துச் சொல்லித்தருகிறது. சி++ பயிற்சிக்கோ டெவ் சி++ என்ற விண்டோஸ் மென்பொருளைக் காட்டுகிறது. பயிற்சி எந்தப் பக்கமோ பிள்ளைகளும் அந்தப் பக்கம்தான் போவார்கள்.

பிளஸ் டூவில் வரும் பைத்தான் ஒரு ஜிடிபி நிரல் எழுதப் போதும்: வரியை வாங்கு, காய் வை, வரியைத் திருப்பி அனுப்பு. இதில் ஒரு இடறல் உண்டு. கீபோர்டில் தட்டிச் சோதிக்கும்போது பதில் உடனே திரையில் வரும். நடுவர் நிரலோடு இணைத்ததும் பதில் இடைச்சேமிப்பில் தங்கிவிடும். நடுவர் காத்திருப்பார், கடிகாரம் ஓடும், ஒரு காய்கூட வைக்காமல் ஆட்டம் போய்விடும். பிரிண்ட் கட்டளையில் 'ஃப்ளஷ்' என்று ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும். எந்த இயங்குதளமும் வரலாம் என்ற அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் அந்த அனுமதி முதல் தடவை எழுதுபவருக்குப் பயன்படாது.

செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி போன்ற ஓரிடத்தில் 9×9 பலகையில் ஒரு மாவட்டப் போட்டி நடத்தலாம். நிரலை எந்த இயங்குதளத்தில் எழுதினாலும் ஏற்க வேண்டும். ஆட்டம் மட்டும் கல்லூரி ஆய்வகத்தின் ஒரே மாதிரியான கணினிகளில், விண்டோஸ் பாதி, லினக்ஸ் பாதி என்று நடக்க வேண்டும். முந்தின நாள் ஒவ்வொரு நிரலும் குனூ கோவோடு ஒரு சோதனை ஆட்டம் ஆடட்டும். அன்று தடுமாறும் நிரலை விலக்கக் கூடாது. எழுதிய மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, விடியுமுன் சரிசெய்து கொடுக்க இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் போதும்.