அசைவுணர் நிகழ்பட விளையாட்டுகளும் வீட்டில் தற்காப்புக்கலைப் பயிற்சியும்: ஒரு மதிப்பீடு

அசைவுணர் நிகழ்பட விளையாட்டு என்பது, விளையாடுபவரின் உடல் அசைவையே கட்டளையாக ஏற்று இயங்கும் கணினி விளையாட்டு ஆகும். பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாகக் கையை வீசினால் திரையில் உள்ள வீரரும் கையை வீசுவார். இவ்வகை விளையாட்டுகளில் குத்துச்சண்டை, கராத்தே, கலப்புத் தற்காப்புக்கலை ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டவை பல. வீட்டின் கூடத்திலேயே உடற்பயிற்சியும் சண்டைப் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும் என்று இவற்றின் விளம்பரங்கள் சொல்கின்றன. இவ்விரண்டில் முதலாவது ஓரளவு உண்மை. இரண்டாவது பெரும்பாலும் உண்மையன்று. அதற்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

வளர்ச்சி

உடலால் சண்டை விளையாட்டை இயக்கும் முயற்சி புதியதன்று. 1993இல் சேகா நிறுவனம் ஆக்டிவேட்டர் என்னும் எண்கோண வளையத்தை வெளியிட்டது. தரையில் வைக்கப்படும் அவ்வளையத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் மேல்நோக்கிச் செல்லும். உள்ளே நிற்பவர் கையாலோ காலாலோ ஒரு கதிரை மறித்தால், அது ஒரு பொத்தானை அழுத்தியதற்குச் சமம். எந்தத் திசையில் கதிர் மறிக்கப்பட்டது என்பது கருவிக்குத் தெரியும். மறித்தது குத்தா, உதையா, சும்மா நீட்டிய கையா என்பது தெரியாது.

2006இல் வெளிவந்த நின்டெண்டோ வீ கருவி இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. அதனுடன் வந்த வீ ஸ்போர்ட்ஸ் தொகுப்பில் குத்துச்சண்டையும் ஒன்று. 2010இல் சோனியின் பிளேஸ்டேஷன் மூவ், மைக்ரோசாஃப்டின் கினெக்ட் ஆகிய இரண்டும் சந்தைக்கு வந்தன. கினெக்ட் முதல் 60 நாள்களில் 80 இலட்சம் விற்றது. அதே ஆண்டில் தி ஃபைட்: லைட்ஸ் அவுட், ஃபைட்டர்ஸ் அன்கேஜ்டு ஆகியவையும், 2011இல் யுஎஃப்சி பெர்சனல் டிரெய்னரும் வெளிவந்தன. பின்னர் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவிக்காக ஃபிட்னஸ் பாக்ஸிங் 2018 டிசம்பரில் ஜப்பானிலும், 2019 ஜனவரியில் பிற நாடுகளிலும் வெளியானது. தலையில் அணியும் மெய்நிகர்க் கருவிகளுக்கான தி த்ரில் ஆஃப் தி ஃபைட் 2016இல் வந்தது.

கருவி எதைப் பார்க்கிறது?

இவ்விளையாட்டுகளை மதிப்பிட முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கருவி எதைப் பார்க்கிறது என்பதே. கருவிக்குத் தெரியாத ஒன்றுக்கு அதனால் மதிப்பெண் தர இயலாது; மதிப்பெண் இல்லாத ஒன்றை விளையாடுபவர் நாளடைவில் கைவிட்டுவிடுவார்.

வீ கைக்கருவியில் இருந்தது முடுக்கமானி. கையின் வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை அது அளக்கும். கை எங்கே இருக்கிறது என்பதை அது நேரடியாக அறியாது. ஆகவே தோளிலிருந்து முழுமையாகச் செலுத்திய குத்துக்கும், மணிக்கட்டை மட்டும் வெடுக்கென்று ஆட்டியதற்கும் அதன் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. வீ ஸ்போர்ட்ஸ் குத்துச்சண்டையை விளையாடிய எவரும் இதைச் சில நாள்களில் கண்டுகொள்வர். முதல் நாள் வியர்க்க வியர்க்கக் குத்தியவர், பத்தாம் நாள் நாற்காலியில் அமர்ந்து கையை ஆட்டியே வெல்வார். அவர் கற்றது குத்துச்சண்டையை அன்று, முடுக்கமானியை ஏமாற்றும் வித்தையை.

ஸ்விட்ச் கருவியின் ஜாய்கான்களில் முடுக்கமானியுடன் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பும் உண்டு. இதனால் நேர்க்குத்து, பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் ஹூக், கீழிருந்து மேலே செல்லும் அப்பர்கட் ஆகியவற்றை ஓரளவு பிரித்தறிய முடிகிறது. ஆனால் இரண்டு கருவிகளும் கைகளில்தான் உள்ளன. ஃபிட்னஸ் பாக்ஸிங்கில் வரும் பயிற்சியாளர் தாளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் அசையச் சொல்கிறார். இடுப்பைத் திருப்பச் சொல்கிறார். கேட்டபடி செய்தீர்களா என்று பார்க்க அவருக்குக் கண் இல்லை. கால்கள் அசையாமல் நின்றாலும் கைகள் தாளத்தில் சென்றால் முழு மதிப்பெண் கிடைக்கும். குத்துச்சண்டையில் விசை பிறப்பது பாதத்தில். அது இடுப்பின் வழியாகத் தோளுக்கு ஏறி, முட்டியில் முடிகிறது. விளையாட்டு அளப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டுமே.

கினெக்ட் இக்குறையைத் தீர்க்கும் என்று பலர் நம்பினர். கையில் எதுவும் பிடிக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை அறையில் படரவிட்டு, ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கணித்து, உடலின் 20 மூட்டுகளை நொடிக்கு 30 முறை அது அடையாளம் கண்டது. கால், இடுப்பு, தோள் அனைத்தும் அதன் பார்வைக்குள் வந்தன. நடனத்துக்கு அது நன்றாகப் பொருந்தியது, சண்டைக்குப் பொருந்தவில்லை. இதற்குக் காரணம் நிற்கும் முறையிலேயே உள்ளது. நடனமாடுபவர் திரையை நேருக்கு நேர் பார்த்து, கைகளைப் பக்கவாட்டில் விரிக்கிறார். சண்டையிடுபவரோ எதிரிக்குத் தன் உடலைக் குறைவாகக் காட்டுவதற்காகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். அப்போது பின் கையும் பின் இடுப்பும் உடலுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நேராகக் கேமராவை நோக்கிக் குத்தும்போது முட்டிக்குப் பின்னால் முன்கையும் முழங்கையும் மறைகின்றன. தற்காப்புக்கலை சரியென்று கற்பிக்கும் நிலை, கேமராவுக்கு மிகக் கடினமான நிலையாக அமைந்துவிட்டது. ஃபைட்டர்ஸ் அன்கேஜ்டு மிக மோசமான விமர்சனங்களைப் பெற்றதற்கு, செய்த அடி ஒன்றும் திரையில் தோன்றும் அடி வேறொன்றுமாக இருந்தது ஒரு முக்கியக் காரணம்.

உடற்பயிற்சியாக இவற்றின் மதிப்பு

இதனால் இவ்விளையாட்டுகள் பயனற்றவை என்று சொல்லிவிட முடியாது. உடற்பயிற்சி என்ற அளவில் சில நல்ல அளவீடுகள் உள்ளன. 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 13 முதல் 15 வயதுடைய 11 சிறாரிடம் செய்த ஆய்வை வெளியிட்டனர். வீ விளையாட்டுகளை ஆடும்போது, உட்கார்ந்து ஆடும் விளையாட்டைவிட அதிக ஆற்றல் செலவானது. ஆனால் அதே விளையாட்டை உண்மையாக ஆடும்போது செலவாகும் அளவை அது எட்டவில்லை. 2008இல் அமெரிக்க உடற்பயிற்சி மன்றம் செய்வித்த ஆய்வில், வீ ஸ்போர்ட்ஸின் ஐந்து விளையாட்டுகளில் குத்துச்சண்டையே முதலிடம் பெற்றது. அதில் நிமிடத்துக்குச் சராசரியாக 7.2 கலோரி செலவானது.

ஆய்வுக்கூடத்தில் கிடைத்த இப்பயன் வீட்டில் நிலைக்கிறதா என்பது வேறு கேள்வி. 2012இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வெளியான, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 9 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு இதற்கு விடை தேடியது. எல்லாக் குழந்தைகளுக்கும் வீ கருவி தரப்பட்டது. ஒரு பகுதியினருக்கு உடலை அசைத்து ஆடும் விளையாட்டுகளும், மற்றப் பகுதியினருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டுகளும் வழங்கப்பட்டன. சுமார் மூன்று மாதங்கள் அவர்களின் அசைவு அளக்கப்பட்டது. இரு பகுதியினரின் மொத்த உடலுழைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியை வாங்கி வைத்தாலே உடல் அசையும் என்ற எண்ணத்தை இம்முடிவு ஆட்டம் காணச் செய்கிறது.

ஆயினும் தாமாக முன்வந்து தொடர்ந்து ஆடும் பெரியவர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த முடியாது. மழைக்காலத்தில் நடைப்பயிற்சிக்குச் செல்ல இயலாதவர், உடற்பயிற்சிக்கூடத்தில் பிறர் முன் பயிற்சி செய்யக் கூச்சப்படுபவர், கட்டணம் செலுத்த வசதியற்றவர் ஆகியோருக்கு அரை மணி நேரத் தாளக் குத்து பயன் தரக்கூடியதே. ஃபிட்னஸ் பாக்ஸிங் போன்றவை தம்மை உடற்பயிற்சி விளையாட்டு என்றே பெயரிலும் அறிவித்துக்கொள்வது பாராட்டத்தக்கது.

தற்காப்புக்கலையாக இவற்றின் குறை

தனியாகப் பயிற்சி செய்வது தற்காப்புக்கலைக்குப் புறம்பானதன்று. கராத்தேயில் கட்டா என்னும் அசைவுத் தொகுப்பைத் தனியாகவே செய்கின்றனர். குத்துச்சண்டை வீரர்கள் எதிரில் ஆளின்றி நிழலோடு குத்திப் பழகுகின்றனர். ஆகவே எதிரில் ஆள் இல்லை என்பதை மட்டும் வைத்து இவ்விளையாட்டுகளைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கட்டா செய்யும் மாணவரின் அருகில் ஆசிரியர் நிற்கிறார். தாழாத முழங்காலை அவர் தட்டித் தாழ்த்துகிறார். உயர்ந்துவிட்ட தோளைக் கையால் அழுத்துகிறார். நிழலோடு குத்தும் வீரர் மறுநாள் உண்மையான ஆளோடு மோதி, தான் பழகியதைச் சோதிக்கிறார். தனிப்பயிற்சிக்குப் பொருள் தருபவை இந்தத் திருத்தமும் சோதனையும்தான். விளையாட்டில் இரண்டும் இல்லை.

1882இல் ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ, எதிர்ப்புத் தரும் இணையரோடு முழு வலுவுடன் செய்யும் ரந்தோரி பயிற்சிக்கு முதன்மை இடம் தந்தார். ஆபத்தான பிடிகளை விலக்கி, பாதுகாப்பானவற்றை உண்மையான எதிர்ப்பில் பழக வேண்டும் என்பது அவர் வழி. எதிராளி தள்ளுவார், விலகுவார், ஏமாற்றுவார். அவரது தொலைவு நொடிக்கு நொடி மாறும். இவற்றுக்கு ஈடுகொடுப்பதே திறமை. திரையில் வரும் எதிராளிக்கு எடை இல்லை. அவரது குத்து வலிக்காது. நம் குத்து அவர்மீது பட்டு நிற்காமல் காற்றில் ஓடும்.

மெய்நிகர்க் கருவிகள் இக்குறையில் ஒரு பாதியைக் குறைத்துள்ளன. தி த்ரில் ஆஃப் தி ஃபைட்டில் எதிராளி முப்பரிமாணத்தில் கண்முன் நிற்கிறார். தலையை விலக்கினால் அவர் குத்து தவறும். எட்டாத தொலைவிலிருந்து குத்தினால் படாது. தலையின் இடமும் கைகளின் இடமும் அளக்கப்படுவதால், மணிக்கட்டை ஆட்டி ஏமாற்றுவது எளிதன்று. தொலைவு, நேரம் ஆகிய இரண்டையும் பழக்குவதில் முந்தைய விளையாட்டுகளைவிட இது தெளிவாக மேலானது. மறுபாதி அப்படியே உள்ளது: மோதலின் எடையை எந்தக் கைக்கருவியின் அதிர்வும் தருவதில்லை. கட்டிப்பிடித்தல், வீழ்த்துதல், தரையில் போராடுதல் ஆகியவற்றுக்கு அங்கு இடமே இல்லை.

இதைவிடப் பொறுப்பான கேள்வி ஒன்று உண்டு. 2011இல் கினெக்டுக்காக வந்த செல்ஃப் டிஃபென்ஸ் டிரெய்னிங் கேம்ப், தன் பெயரிலேயே தற்காப்புப் பயிற்சி என்று அறிவித்துக்கொண்டது. தாக்குதலுக்கு அஞ்சும் ஒருவர், குறிப்பாக ஓர் இளம்பெண், அதை நம்பி வாங்கினால் என்ன கற்பார்? கையைப் பிடித்தவனிடமிருந்து விடுபடும் அசைவை, யாரும் பிடிக்காத கையால் செய்து பார்ப்பார். திரை பாராட்டும். பிடியின் வலுவை ஒருமுறைகூட உணராத அந்தக் கைக்குக் கிடைப்பது தன்னம்பிக்கை மட்டுமே, திறமை கிடைப்பதில்லை. உடற்பயிற்சி விளையாட்டு குறைவாகப் பயன் தந்தால் நேரம்தான் வீண். தற்காப்பு விளையாட்டு தவறான நம்பிக்கை தந்தால் இழப்பது உடலாக இருக்கலாம்.

காயங்களும் கருவியின் ஆயுளும்

காற்றில் குத்துவது மெத்தையில் குத்துவதைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றும். உண்மையில் காற்றில் செல்லும் கையை நிறுத்த வேறு எதுவும் இல்லாததால், அந்த வேலை முழங்கை மூட்டின்மீதும் தோளின்மீதும் விழுகிறது. முழங்கையை முற்றிலும் நீட்டிப் பூட்டாமல், சிறிது மடங்கிய நிலையில் கையைத் திரும்ப இழுப்பதே சரியான முறை. கைக்கருவி நழுவிப் பறப்பதும் நடந்திருக்கிறது. 2006 டிசம்பரில் நின்டெண்டோ சுமார் 32 இலட்சம் மணிக்கட்டுப் பட்டைகளை வலுவானவையாக மாற்றித் தருவதாக அறிவித்தது. மெய்நிகர்க் கருவி அணிந்தவருக்கு அறையே தெரியாது. சுவர், மேசை, குறுக்கே வரும் குழந்தை ஆகியவற்றிலிருந்து போதிய இடைவெளி தேவை. சிறிய வீடுகளில் இந்த இடம்தான் கருவியின் விலையைவிடப் பெரிய தடை.

பயிற்சியின் தொடர்ச்சியும் கவனிக்கத்தக்கது. ஒரு கலையைக் கற்கப் பல ஆண்டுகள் ஆகும். 2010இல் வந்த கினெக்டின் உற்பத்தி 2017இல் நிறுத்தப்பட்டது. அதற்காக வாங்கிய பயிற்சி விளையாட்டுகள், கருவி பழுதானால் அலமாரியில் கிடக்கும்.

முடிவு

இவ்விளையாட்டுகளை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்று போதும்: இது என் உடலில் எந்தப் பகுதியைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை? பார்க்கும் பகுதிக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை நம்பலாம். பார்க்காத பகுதிக்கு ஆசிரியரோ இணையரோ குறைந்தது ஒரு நிலைக்கண்ணாடியோ வேண்டும். மூச்சு வாங்கவும் வியர்க்கவும் தாளத்தோடு கை வீசவும் விரும்புவோருக்கு இவை நல்ல துணை. ஏற்கனவே ஒரு பயிற்சிக்கூடத்தில் கற்பவருக்கு, விடுமுறை நாளில் உடல் இறுகாமல் பார்த்துக்கொள்ள இவை உதவும். தற்காத்துக்கொள்ளக் கற்க வேண்டும் என்ற தேவையோடு வருபவர், விளையாட்டை அணைத்துவிட்டு அருகிலுள்ள பயிற்சிக்கூடத்தின் கதவைத் தட்டுவதே சரி. அங்கு முதல் நாளில் ஒருவர் அவரது மணிக்கட்டை உண்மையாகவே இறுகப் பிடிப்பார். பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.