எந்தக் கப்பலுக்குக் கயிறு கட்டுவது?

‘சோழர் கப்பல்’ என்ற பெயரில் புலிக்கொடி பறக்கும் மரமாதிரிகள் பரிசுப் பொருளாகவும் மேடை அலங்காரமாகவும் நம்மிடையே உலவுகின்றன. அவற்றின் உடலைப் பார்த்தால் பெரிதாகக் குறை சொல்லத் தோன்றாது. வளைந்த பலகை, உயர்ந்த அணியம், எண்ணெய் மினுமினுப்பு எல்லாம் இருக்கும். கண்ணை மேலே தூக்கினால்தான் சங்கடம். பாய்மரத்துக்கு இரு பக்கமும் ஏணிபோல் குறுக்குக் கயிறு பின்னிய வலை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குச் சதுரப்பாய். பின்தளத்தில் கைப்பிடி நீட்டிய சுக்கான் சக்கரம். பாயை இப்படி அடுக்கும் வழக்கம் ஐரோப்பாவிலேயே 15ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் வளர்ந்தது. சுக்கான் சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பியதோ 1025இல். ஆங்கிலேயப் போர்க்கப்பலுக்குப் புலிக்கொடி குத்தி அதை நம் கப்பல் என்கிறோம்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள் கயிறு கட்டிப் பார்த்ததில்லை. கப்பலின் உடலை ஓரளவு ஊகத்தில் செதுக்கிவிடலாம். பலகை எங்கே வளைந்தாலும் பார்ப்பவருக்குக் கப்பலாகவே தெரியும். கயிறு அப்படி இல்லை. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு, நடுவில் ஒரு வேலை உண்டு. பாய்மரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் இழுத்து நிறுத்தும் கயிறுகள் அசையாதவை. கீழ்முனையில் கண் துளைத்த மரவில்லைகளோ வேறு ஏதோ ஒன்றோ வைத்து அவற்றை முறுக்கியாக வேண்டும். பாய் தொங்கும் குறுக்குமரமான பருமலை ஏற்றி இறக்கவும், காற்றுக்கு ஏற்பத் திருப்பவும், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கவும் உள்ளவை ஓடும் கயிறுகள். அவை கப்பி வழியே இறங்கி, ஒரு மாலுமியின் கைக்கு எட்டும் இடத்தில் கட்டப்பட வேண்டும். ‘இதை யார் இழுப்பார், எங்கே நின்று இழுப்பார், இழுத்தால் எது அசையும்?’ என்று ஒரு கயிற்றைக் காட்டிக் கேட்டால், செய்தவருக்குத் தெரிந்ததும் தெரியாததும் அந்தக் கணமே வெளியாகிவிடும். மாதிரியை எடைபோட இதைவிடக் கறாரான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கேள்வியைச் சோழர் கப்பலிடம் கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி கடல் நடுவே பல கலங்களைச் செலுத்தியதைச் சொல்கிறது, வென்ற ஊர்களை அடுக்குகிறது. ஒரு கயிற்றைப் பற்றியும் பேசவில்லை. பேச வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை. சோழமண்டலக் கரையில் கிடைக்கும் சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கலம் உண்டு; ஆனால் அவை ராஜேந்திரன் காலத்துக்கு எண்ணூறு ஆண்டுக்கும் மேல் முந்தியவை. ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் பானை ஓட்டில் கீறிய மூன்று பாய்மரக் கப்பல் கிடைத்தது. அதை ரோமானிய வகைக் கலமாகவே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அஜந்தா ஓவியக் கப்பல் 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காலத்தாலும் கடலாலும் பக்கத்தில் நிற்பது ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்கள்தாம். அவற்றில் புறமிதவையும், இரு காலோ மூன்று காலோ கொண்ட பாய்மரமும், சாய்ந்த நீள்பாயும் தெளிவாகத் தெரிகின்றன. அவை சோழர் கலங்கள் அல்ல. ஆனாலும் நம் பரிசுக் கடைக் கப்பலைவிட அவற்றுக்கே சோழர் காலக் கடலோடு உறவு அதிகம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊகம் செய்யாமல் எந்தப் பழங்கப்பலையும் மீட்க முடியாதே? போரோபுதூர் சிற்பத்தை வைத்துக் கட்டிய ‘சமுத்ர ரக்ஷா’ 2003–04இல் ஜகார்த்தாவிலிருந்து கானா நாட்டு அக்ரா வரை ஓடியது. அஜந்தா ஓவியத்தை வைத்துத் தேங்காய்நார்க் கயிற்றால் பலகை தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’ 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதன் வரைபடத்தைச் சரிபார்க்க மாதிரி செய்து நீரில் சோதித்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை. இரண்டிலும் ஊகம் நிறைய. ஆனால் அந்த ஊகத்தைக் காற்று விசாரித்தது. தவறான இடத்தில் கட்டிய கயிறு முதல் புயலிலேயே அறுந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்ணாடிப் பேழைக்குள் உள்ள மாதிரியில் தவறான கயிறு நூறு வருஷம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்து அடுத்தவர் இன்னொன்று செய்வார். ஆகவே முழுக் கப்பலுக்கு அனுமதிக்கும் ஊகத்தை மாதிரிக் கப்பலுக்கு அனுமதிக்க நான் தயாராக இல்லை. சோழர் கப்பலைக் கட்டியே தீருவேன் என்பவர் உடலையும் வெறும் பாய்மரத்தையும் செய்து அத்தோடு நிறுத்தட்டும்.

அப்படியானால் வேறு எந்தக் கப்பலுக்குக் கயிறு கட்டலாம்? மலாக்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர்கள் எல்லாரும் ‘ஃப்ளோர் டி லா மார்’ மீது ஏறியிருப்பார்கள். 1511இல் மலாக்காவைச் சூறையாடிய பொருளோடு சுமத்ரா அருகே மூழ்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் அந்தப் பெரிய உரு, 1994இலிருந்து அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்தக் கப்பலின் வரைபடம் எதுவும் மிஞ்சவில்லை. இருந்தும் அந்த வகைக் கலங்களை அக்கால ஓவியர்கள் கயிறு கயிறாக வரைந்து வைத்திருப்பதால் ஊகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கொள்ளையடித்துப் போனவன் கப்பலுக்கு உள்ள சான்று கடாரம் கொண்டவன் கப்பலுக்கு இல்லை. எரிச்சலான உண்மைதான், என்ன செய்வது.

சான்று மட்டுமே அளவுகோல் என்றால் போட்டியில் ‘டிரிங்கோமலி’ வென்றுவிடும். திருகோணமலையின் பெயர் தாங்கி, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய அந்தப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. ஆனால் அதில் நமக்குப் பெயரைத் தவிர வேறு பங்கு இல்லை.

நம் குடும்பங்களை இங்கே மலேசியாவுக்குக் கொண்டு வந்த கப்பலைச் செய்யலாமே என்றால், இன்று வாழும் பெரும்பாலோரின் பாட்டன் பாட்டி ஏறியது நீராவிக் கப்பல். 1926இல் கட்டிய ‘ரஜூலா’ பாயில்லாமலே சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கும் ஆளேற்றி வந்தது. அதன் மாதிரிக்கு நூல்கண்டு வேண்டாம், சாயமும் பொறுமையும் போதும்.

பாக்கி நிற்பது ‘அன்னபூரணி’. என் தீர்ப்பு அதன் பக்கம்தான், ஆனால் நிபந்தனையோடு.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்த இரட்டைப் பாய்மரக் கப்பல் 89 அடி நீளம். 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை வாங்கி, மனைவியின் பெயரால் ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ ஆக்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் வழியாக ஓட்டிச் சென்று 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் கிளவுஸ்டர் துறையில் சேர்த்தார்கள். ரயில்வே வேலைக்கு வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறி, ஸ்காட் சாலையில் கந்தசாமிக்குக் கோயில் எழுப்பிய யாழ்ப்பாணத்தார் வழிவந்தவர்களுக்கு இந்தக் கப்பல் அயலூர்க் கதை இல்லை.

எதிர்வாதம் உண்டு. அதைப் பிரிகண்டைன் என்று அழைப்பார்கள்: முன் பாய்மரத்தில் பருமல் தொங்கும் சதுரப்பாய், பின்மரத்தில் நீளவாட்டுப் பாய். இந்தக் கயிற்றமைப்பு மேற்கிலிருந்து வந்தது. அப்படியானால் புலிக்கொடிக் கப்பலை வைதவன் இதை மட்டும் எப்படிப் புகழ்வான்? பதில் நேரானது. அங்கே கடன் வாங்கியது பொம்மை செய்தவர்; இங்கே வாங்கியது கப்பல் கட்டிய மேத்திரிமார். வங்கக் கடலில் அரிசியும் மரமும் ஏற்றி இறக்கிய தொழிலுக்கு எந்தப் பாய் உதவும் என்று பார்த்து எடுத்தார்கள், தம் கையால் முறுக்கினார்கள், அதை நம்பிக் கடலோடிகள் அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். தொன்மை குறைவு என்பதற்காக அதில் தமிழும் குறைவு என்று நான் ஒப்பமாட்டேன்.

இரண்டாவது குறைக்கு இவ்வளவு எளிதாகப் பதில் இல்லை. கிளவுஸ்டரில் எடுத்த புகைப்படங்களில் பருமலும் பக்கக் கயிறும் தெரியலாம். பக்கச்சுவருக்கு உட்புறம் எந்த முளையில் எந்தக் கயிறு கட்டியிருந்தது என்பது தெரியாது. அந்த இடத்தை அதே அளவுள்ள வேறு பிரிகண்டைன்களின் வழக்கத்தைக் கொண்டு நிரப்ப வேண்டும். இதுவும் ஊகமே. ஆனால் வேலி கட்டிய ஊகம்: கயிறு இருந்தது உறுதி, அதன் வேலை உறுதி, முளை மட்டும் ஓரடி முன்னே பின்னே போகலாம். சோழர் கப்பலிலோ கயிறு இருந்த விதமே தெரியாது. இந்த வேறுபாட்டை மாதிரியின் அடிப்பலகையில் இரண்டு வரியில் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் நிபந்தனை. எழுத மனமில்லாதவர் இதையும் செய்ய வேண்டாம்.

அப்படி எழுதி வைப்பதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்குத் தெற்கிலங்கையின் தொடந்துவையைக் காட்டுவேன். அங்கே குமாரகந்த விகாரையில் ‘யாத்ரா தோணி’யின் மாதிரி ஒன்று உண்டு. பலகை தைத்துப் புறமிதவை வைத்த அந்தச் சரக்குக் கலங்கள் கடலிலிருந்து மறைந்துவிட்டன. ஆய்வாளர் டாம் வோஸ்மர் 1990களில் அந்த மாதிரியை அளந்துதான் மறைந்த கலத்தின் வடிவை ஆராய்ந்தார். கப்பலை அறிந்த ஊரில் செய்த மாதிரி என்பதால் அது சாட்சி சொன்னது. நம்முடையதையும் ஒருநாள் யாராவது அளக்கக்கூடும்.

இனி செய்முறை. 1:64 அளவில் அன்னபூரணி ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் வரும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டு அலமாரிக்கு அடங்கும். ஐந்து சென்டிமீட்டர் தடிமன் கயிறு அந்த அளவில் 0.8 மில்லிமீட்டர் நூல். எல்லாவற்றுக்கும் ஒரே நூலைக் கட்டுவது மன்னிக்க முடியாத சோம்பல். அசையாத கயிறுகளுக்குக் கறுப்பு, ஓடுபவற்றுக்கு வெளிர் பழுப்பு. பருத்தி நூல் நம் ஊர் ஈரத்தில் இறுகும், குளிர்சாதனம் போட்டால் தளரும். சில மாதங்களில் பாய்மரமே ஒருபக்கம் சாயும். அதனால் தையல் கடைப் பாலியெஸ்டர் நூலை மெழுகில் இழுத்துப் பயன்படுத்துவது மேல். முதலில் அசையாதவற்றைக் கீழிருந்து மேலாக, இரு பக்கமும் மாறி மாறிக் கட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் வளைந்துவிடும். பாய்த்துணி வேண்டாம். எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் படுக்கை விரிப்பின் தடிமனாகத் தெரியும். போதாக்குறைக்கு, பார்ப்பவர் கேள்வி கேட்க வேண்டிய கயிறுகளை அது மறைத்தும் விடும்.