நிகழாத உரையும் முன்னிலை இடமும்: அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ உரையை மொழிபெயர்த்தல்

1. முன்னுரை

பொதுச் சொற்பொழிவு அச்சேறும்போது அதன் இயல்பு மாறுகிறது. அவையோரை விளித்துக் கூறப்பட்டவை, எங்கோ இருந்து படிப்போருக்கு உரியனவாகின்றன. இம்மாற்றத்திற்கு ஏற்ப விளிகளை நீக்குவதும், வினாக்களைக் கூற்றுகளாக்குவதும், உரையைக் கட்டுரையாகத் திருத்துவதும் பதிப்பு வழக்கில் உண்டு. மொழிபெயர்ப்பாளரும் பல வேளைகளில் தம்மை அறியாமலே இதனைச் செய்துவிடுகின்றனர். கருத்துச் சிதையவில்லை என்பது இதற்குக் கூறப்படும் அமைதி. ஆயின், யாரை நோக்கிக் கூறப்பட்டது என்பதே கருத்தின் ஒரு கூறாக அமையும் உரைகளுக்கு இவ்வமைதி பொருந்தாது. டாக்டர் அம்பேத்கரின் 1936ஆம் ஆண்டு உரை இதற்குத் தக்க சான்று.

2. உரையின் வரலாறு

லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல், சாதியை ஒழிக்கும் நோக்குடைய இந்துச் சீர்திருத்தவாதிகளின் அமைப்பு. தன் ஆண்டு மாநாட்டிற்குத் தலைமை ஏற்குமாறு அது 1935 டிசம்பரில் அம்பேத்கரை அழைத்தது. தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என அவர் இயோலா மாநாட்டில் அறிவித்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தலைமையுரை முன்னதாகவே அச்சிடப்பட்டது. அதனைக் கண்ட மண்டலத்தார் சில பகுதிகளை நீக்குமாறு வேண்டினர். ஒரு காற்புள்ளியையும் மாற்றுவதற்கில்லை என அம்பேத்கர் மறுத்தார். உரை நிகழாமற்போயிற்று.

1936 மே மாதத்தில் அம்பேத்கர் அதனைத் தாமே நூலாக வெளியிட்டார். மண்டலத்தாருடன் நடந்த கடிதப் போக்குவரத்து முகப்பில் சேர்க்கப்பட்டது. 1,500 படிகளும் இரண்டு மாதங்களில் விற்றுத் தீர்ந்தன. 1937இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் காந்தியடிகளின் மதிப்புரையும் அதற்கு அம்பேத்கர் அளித்த மறுமொழியும் இடம்பெற்றன. உரை குஜராத்தியிலும் தமிழிலும் அதற்குள் பெயர்க்கப்பட்டுவிட்டதை அப்பதிப்பின் முன்னுரை தெரிவிக்கிறது. தமிழாக்கம் பெரியாரின் குடியரசு இதழ்வழி ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்னும் பெயரில் பரவியது.

மொழிபெயர்ப்பாளர் சிறப்பாக நோக்கத்தக்க செய்தியொன்றும் அம்முன்னுரையில் உள்ளது. உரை வடிவை நேரடி விவரிப்பாக மாற்றி எழுதுமாறு அம்பேத்கர் கேட்டுக்கொள்ளப்பட்டார். வரலாற்றையும் வேண்டுகோளின் ஆற்றலையும் கருதி, அவர் மூல வடிவையே நிலைநிறுத்தினார். நிகழாத உரைக்கு உரை வடிவு எஞ்சியது தற்செயலன்று. அது ஆசிரியர் அறிந்தே எடுத்த முடிவு. சாதியின் தோற்றம் பற்றி அவர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் படித்த கட்டுரையோடு ஒப்பிட்டால் இம்முடிவின் பொருள் விளங்கும். அங்குச் சாதி ஆய்வுப்பொருள், கேட்போர் மானிடவியலார். இங்கோ சாதியைக் கடைப்பிடிக்கும் சமூகத்தினரே கேட்போர்.

3. மறையும் முன்னிலை

உரையில் ‘இந்துக்கள்’ என்னும் படர்க்கையும் ‘நீங்கள்’ என்னும் முன்னிலையும் மாறி மாறி வருகின்றன. சமூக அமைப்பை விவரிக்கும்போது படர்க்கையும், செய்ய வேண்டியதை வலியுறுத்தும்போது முன்னிலையும் மேலோங்குகின்றன. சாத்திரங்களின் புனிதத்தை மறுக்குமாறு கூறும் பகுதியில் முன்னிலை அடுத்தடுத்து ஒலிக்கிறது.

ஆங்கிலத்தில் எழுவாயை எளிதில் விட இயலாது; ஆதலின் முன்னிலை தானே நிற்கும். தமிழிலோ ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘முடியும்’ போன்றவை திணை, பால், எண், இடம் காட்டா. எழுவாய் தொக்கு நிற்பதும் இயல்பு. ‘நீங்கள் இந்நம்பிக்கையை அகற்ற வேண்டும்’ என்பது ‘இந்நம்பிக்கையை அகற்ற வேண்டும்’ என்றாகும்போது இலக்கண வழு எதுவும் இல்லை. நடையும் செறிவு பெறுகிறது. ஆயின் கடமை யாருடையது என்பது மறைந்துவிடுகிறது. குற்றச்சாட்டு அறவுரையாகிறது. சூழலே எழுவாயை உணர்த்தும் என்று வாதிடலாம். அவை கூடாத உரைக்கு வாக்கியத்தைத் தவிர வேறு சூழல் இல்லை என்பதே இதற்கு விடை.

4. நாமும் நாங்களும்

ஆங்கிலத் தன்மைப் பன்மை, கேட்போரை உளப்படுத்துவதா அன்றா என்பதை வெளிப்படையாகக் காட்டாது. தமிழ்மொழிபெயர்ப்பாளர் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பொதுவான மேடை வழக்கில் ‘நாம்’ இணக்கத்தின் சொல். இவ்வுரையில் அது ஆராய்ந்து இடவேண்டிய சொல்லாகிறது. இந்து அவையினர்முன் தாம் ஆற்றும் இறுதி உரையாக இது அமையக்கூடும் எனவும், தாம் மாறிச் செல்ல முடிவு செய்துவிட்டதாகவும் உரையாளர் முடிவில் கூறுகிறார். வாதத்தைப் படிப்படியாக ஆராயும் இடத்தில் பேசுவோரும் கேட்போரும் ஒன்றுபடுவதால் ‘நாம்’ தகும். ‘நம் சமூகம்’, ‘நம் சாத்திரங்கள்’ என்று பெயர்த்தால், வெளியேற முடிவு செய்தவரை மொழிபெயர்ப்பாளர் மீண்டும் உள்ளே இழுத்து நிறுத்தியவராவார்.

5. வினாக்களின் அடுக்கு

இழப்புகளை மட்டுமே சுட்டுவது முறையன்று. பொதுப்பள்ளி, பொதுக்கிணறு, பொதுத்தெரு, உடை, உணவு என ஒவ்வொன்றிலும் தீண்டப்படாதோர்க்கு இழைக்கப்படும் மறுப்பைச் சுட்டி, அரசியல் அதிகாரத்திற்கு நீங்கள் தகுதியுடையவர்களா என அம்பேத்கர் அடுக்கி வினவுகிறார். ஆங்கிலத்தில் வினா முன்னும் மறுப்பு பின்னும் வருகின்றன. தமிழின் இயல்பான வரன்முறையில் மறுப்பு முன்சென்று, ஆகார வினா இறுதியில் நிற்கும். ஒவ்வொரு தொடரும் ஒரே வினாவில் முடிவதால் அது பல்லவிபோல் மீள்கிறது. செவிக்கு இது மூலத்தினும் வலிமையுடையதாகலாம். ‘தகுதியுடையவர்களா’ என்னும் குறிப்புவினை இடம் காட்டாமையால், ‘நீங்கள்’ என்பதை ஒவ்வொரு முறையும் கூறியாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கூறியது கூறல் எனக் கருதி அதனை நீக்கினால் அடுக்கின் நோக்கமே கெடும்.

6. உரை வடிவும் பேச்சு வழக்கும்

உரை வடிவைக் காப்பது என்பது பேச்சு வழக்கில் பெயர்ப்பதன்று. இரட்டை வழக்குடைய தமிழில் மேடைத்தமிழ் பெரிதும் எழுத்து வழக்கைச் சார்ந்தே வளர்ந்தது. அம்பேத்கரின் ஆங்கிலமும் சட்ட அறிஞர் ஒருவரின் செம்மையான ஆங்கிலமே. எனவே காக்கப்பட வேண்டியவை விளி, முன்னிலை, வினா, அவற்றின் மீள்வரவு ஆகியனவே. முகப்பிலுள்ள கடிதங்களையும் பிற்சேர்க்கைகளையும் விடுத்து உரையை மட்டும் பெயர்க்கும் பதிப்பு, அவை ஏன் கூடவில்லை என்பதைப் படிப்போருக்கு மறைத்துவிடுகிறது.

7. முடிவுரை

பொதுச் சொற்பொழிவுகளை மொழிபெயர்ப்போர் கலைச்சொற்களில் காட்டும் கவனத்தை இடப்பெயர்களிலும் காட்ட வேண்டும். சாதி ஒழிப்பு உரையைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் 1936இல் அதனைக் கேட்க மறுத்தனர். அவர்களை நோக்கிய ‘நீங்கள்’ மட்டும் அச்சில் எஞ்சியது. மொழிபெயர்ப்பில் அச்சொல்லும் மறையுமாயின், மண்டலத்தார் வேண்டிய நீக்கத்தின் ஒரு பகுதியை மொழிபெயர்ப்பாளர் நிறைவேற்றியவராவார்.